மஜீதா அக்காவின் தூக்குச்சட்டி

பாசிர் கூடாங்,
மார்கழி மாதம், 1934.

என் அன்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

கிருஷ்ணம்மா வணங்கி எழுதுவது. நானும் குழந்தை செல்வராணியும் உடம்புக்கு நலம். பினாங்கில் நீங்களும் நலமாக இருக்கத் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன். எப்போதும் ஜெயபாலன் வாத்தியாரிடம் சொல்லித்தான் கடிதம் எழுதுவேன். இந்தத் தடவை என்னுடைய கோணல் எழுத்திலேயே எழுதுகிறேன். வாத்தியார் காதில் விழக்கூடாத சங்கதி இது. பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசி வரை படியுங்கள்.

இங்கே விடாத மழை. அடுப்புப் பக்கம் அத்தாப்பு ஓலைக் கூரை ஒழுகுகிறது. கூரை வேயும் அர்ச்சுனனைக் கேட்டால் நாளைக்கு வருகிறேன் என்கிறான், அந்த நாளை இன்னும் வரவில்லை. குழந்தைக்கு நெஞ்சுச் சளி இருந்தது. பக்கத்து வீட்டு மஜீதா அக்கா ஓமம் வறுத்துத் துணியில் கட்டி ஒற்றடம் கொடுத்தார். இப்போது பழையபடி வாய் ஓயாமல் பேசுகிறாள்.

உங்கள் கடிதம் வந்தது. புதுப் படகு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறந்ததையும், இடுப்பளவு தண்ணீரில்கூடத் தரை தட்டாமல் போனதையும், கப்பற்படைத் துரைமார் கை தட்டியதையும் படித்தேன். உங்களை ஒரு துரை ‘மிஸ்டர் ராஜு’ என்று கூப்பிட்டாராம். பினாங்கு மீன் குழம்பைப் பற்றியே அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். காகிதத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். அதே படகின் சுக்கானை முதலில் பிடித்த சுப்ஹான் அண்ணன் பெயர் எங்கேயும் இல்லை.

அண்ணனுக்கு வேலை போனது உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் நடந்தது தெரியாது. படகுப் பட்டறைத் துரை அவருக்குக் கொடுத்த சான்றுத் தாளில், வேகம் கண்டு பயந்து சுக்கானைத் தவறாகத் திருப்பினவர் என்று எழுதிவிட்டாராம். அதைப் பார்த்துவிட்டு இந்தக் கரையிலும் சரி, சிங்கப்பூர்க் கரையிலும் சரி, ஒரு பட்டறையிலும் அவரைச் சேர்க்கவில்லை. கடலில் கம்பம் நட்டு மீன் பிடிக்கும் கேலோங்கில் வலை இழுக்கப் போனார். படகு மோதின அன்றைக்குக் கேலோங் கம்பத்தில் அடிபட்ட தோள் இன்னும் மேலே தூக்க வரவில்லை, இரண்டே நாளில் திரும்பி வந்துவிட்டார். பெருநாள் கழிந்ததும் குடும்பத்தோடு நாகூருக்குக் கப்பலேறப் போகிறார்கள். சிறுவயதிலிருந்து கடலிலேயே இருந்த மனிதர், அங்கே மச்சான் கடையில் அரிசி அளக்கப் போகிறாராம்.

நேற்று மஜீதா அக்கா தன் வீட்டுக்காரருக்காகக் கேட்க வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “தங்கராஜு தம்பி ஒரு வார்த்தை சொன்னா தொரை கேப்பாரு. தம்பி மேல தொரைக்கு அவ்வளவு நம்பிக்கை. நீ எழுது புள்ள, எங்களுக்கு வேற யாரு இருக்காங்க?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தக் காகிதமும் அவர் கொடுத்ததுதான். நான் தலையைக் குனிந்து, எழுதுகிறேன் அக்கா என்றேன். அவர் என் குனிந்த தலையைப் பார்த்துவிட்டு, கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அத்தான், எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

ஆயுத பூசைக்குச் சந்தனம் அரைத்தது நான். பட்டறையில் எல்லாருமாகச் சேர்ந்து ஸ்பானருக்கும் ரம்பத்துக்கும் எண்ணெய்க் கேனுக்கும் பொட்டு வைத்தீர்கள். வாய் உள்ள சாமானுக்கெல்லாம் வாயில் சந்தனம் வைப்பதுதானே நம் வழக்கம். புதுப் படகுக்கும் செய்யலாமா என்று நீங்கள் கேட்டதும் துரை சிரித்துக்கொண்டே தலையாட்டினார். மேல்தட்டில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் அந்த இரண்டு பித்தளைக் குழாய்களில் செம்பருத்தி நிற்க வேண்டும் என்று சந்தனத்தை உருட்டி அழுத்தி அப்பினீர்கள். நான் கரையில் தாம்பாளத்தோடு நின்று பார்த்தேன். அழகாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

அந்தக் குழாய் எதற்கு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். ஈரத் தரையில் தட்டைக் கவிழ்த்து, தூக்கு பார்க்கலாம் என்றீர்கள். எனக்கு வரவில்லை. ஓரத்தில் நகத்தை விட்டுக் காற்றுப் புகவிட்டதும் தட்டு பொசுக்கென்று கையோடு வந்தது. படகின் அடிவயிற்றுக்கும் அப்படித்தான், குழாய் வழியாகக் காற்று இறங்கினால்தான் தண்ணீர் வயிற்றை விடும், அப்புறம்தான் படகு எழும்பிப் பறக்கும் என்றீர்கள். அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா.

மறுநாள் காலையில் மறுபூசை முடித்த பிறகு எல்லாவற்றையும் துடைத்தெடுப்பதாக இருந்தது. நான் கற்பூரத்தோடு வருவதற்குள் படகை ஓட்டிப் பார்க்கத் துரைமார் வந்து இறங்கிவிட்டார்கள். நீங்கள் அவசரத்தில் வாழைக்கன்றையும் மாலையையும் அறுத்து எறிந்தீர்கள், பூவும் அதோடு போய்விட்டது. உள்ளே காய்ந்திருந்த சந்தனத்தை நினைக்கவில்லை. யாராயிருந்தாலும் மறந்திருப்பார்கள். நான் நினைத்தேனா? நானும்தான் நினைக்கவில்லை. அதற்காக உங்களை ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன்.

படகு எழும்பவில்லை. கப்பற்படைத் துரை இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று கத்தினாராம். சுக்கானைப் பிடித்திருந்த அண்ணன் அவர் சொன்னபடியே செய்தார். மூக்கு தண்ணீருக்குள் குத்தி, படகு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்க் கேலோங்கில் மோதிச் சேற்றில் ஏறியது. அன்றைக்கு முழுக்க அண்ணன் துரையிடம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். “நான் எப்பவும் புடிக்கிறபடிதான் புடிச்சேன் தொரை, அது எழும்பல.” ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீங்கள் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றீர்கள்.

சாயங்காலம் படகைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சேற்றில் இறங்கிப் போனீர்கள். திரும்பி வந்து கை கழுவினபோது சேற்று நாற்றத்துக்கு நடுவே சந்தனம் மணத்தது. நகக்கண்ணெல்லாம் மஞ்சள். நான் கேட்டதும், குழாயை அடைத்திருந்த சந்தனத்தைத் தோண்டி எடுத்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னீர்கள், அதுவரைக்கும் நல்லது. அப்புறம் தூங்குகிற குழந்தையின் தலையில் என் கையை வைத்து, யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினீர்கள். காலையில் போய்த் துரையிடம் சொல்லிவிடுவீர்கள், அதற்குத்தான் ஒரு இரவு அவகாசம் கேட்கிறீர்கள் என்று நான் நினைத்தேன். காலையில் நீங்கள் சொல்லவில்லை. அடுத்த வாரம், செப்பனிட்ட அந்தப் புதுப் படகுக்கே துரை உங்களைப் பொறுப்பாக்கினார்.

வேலை போனதைக்கூட அண்ணன் தாங்கிக்கொள்வார் என்று நினைக்கிறேன். வேறொன்றுதான் என்னால் பார்க்க முடியவில்லை. அவர் இப்போதெல்லாம் ஊர்ப் படித்துறையில் உட்கார்ந்து, கையில் சுக்கான் இருப்பதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கிறார். முன்பெல்லாம் யார் கேட்டாலும் படகு எழும்பவில்லை என்று சண்டைக்கு நிற்பார். போன வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்தவர் மஜீதா அக்காவிடம், “ஒருவேளை நான்தான் பயந்துட்டேனோ? எனக்கே தெரியாம கை திரும்பிருச்சோ?” என்று கேட்டாராம். அக்கா இதைச் சொல்லி அழுதார். பயம் என்றால் என்னவென்று தெரியாத மனிதர், அத்தான். சென்ற மழைக்காலத்தில் உங்களைப் புயலுக்குள்ளிருந்து சாம்பான் தோணியில் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர். அவர் கையை அவரே சந்தேகப்படும்படி நாம் செய்துவிட்டோம்.

நாம் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் சோற்றைத் தின்றுகொண்டு உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோயிலுக்குப் போனால் பூசாரி கொடுக்கிற சந்தனத்தை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்து வேலியோரம் போட்டுவிடுகிறேன். பட்டறைக்காரர்கள் எதிரில் வந்தால் உங்களைப் பற்றிப் பெருமையாக விசாரிக்கிறார்கள். எனக்கு முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். துரையிடம் உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்பீர்கள். போகட்டும். ரப்பர்த் தோட்டத்தில் எனக்குப் பால் வெட்டத் தெரியும், உங்களைக் கட்டிக்கொண்ட பிறகுதானே கத்தியைக் கீழே வைத்தேன். மறுபடியும் எடுக்கிறேன். மிஸ்டர் ராஜு என்று யாரும் கூப்பிடாவிட்டாலும் நான் அத்தான் என்று கூப்பிடுவேன், அது போதாதா?

நானே மஜீதா அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று வேலி வரைக்கும் பல தடவை போனேன். குழந்தையின் தலையில் வைத்த கை அது. அதை மீற எனக்குத் தைரியம் இல்லை. கட்டுப் போட்டவர் நீங்கள், நீங்கள்தான் அவிழ்க்க வேண்டும்.

இன்னொன்று. இது நோன்பு மாதம். வருடா வருடம்போல இந்த வருடமும் நோன்பு திறக்கிற நேரத்துக்கு மஜீதா அக்கா நமக்கும் கஞ்சி கொடுத்தனுப்புகிறார். வேலையில்லாத வீடு, அவர்களுக்கே எப்படிப் பொங்குகிறார்களோ. பூண்டும் வெந்தயமும் மணக்க அந்தத் தூக்குச்சட்டி வரும். குழந்தை குடிப்பாள். எனக்கு ஒரு வாய் இறங்காது. அந்த வீட்டுப் பாத்திரத்தை நான் ஒரு நாளும் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததில்லை, உங்களுக்குத் தெரியும். இரண்டு வாழைப்பழமாவது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பேன். நேற்று அக்கா அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போன பிறகு, சட்டியைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினேன். பழம் இருந்தது, சர்க்கரையும் இருந்தது. எடுத்துப் போடக் கை வரவில்லை.

இன்றைக்கு அக்கா வேறொரு பாத்திரத்தில் கஞ்சி அனுப்பியிருக்கிறார். பழைய சட்டியை ஏன் திருப்பித் தரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அடுப்பு மேடையில் கவிழ்ந்து கிடக்கிறது. பெருநாளுக்குள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும், அப்புறம் அவர்கள் சாமான் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதில் போட்டுக் கொடுக்க இந்த வீட்டில் ஒன்றும் இல்லை, அத்தான். நீங்கள்தான் அந்த ஒரு வார்த்தையை அனுப்ப வேண்டும்.

மாரியாத்தா உங்களுக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும். குழந்தை உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உங்கள் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
கிருஷ்ணம்மா.