திறக்காத பத்திரமும் நான்கு எல்லையும்

அன்பு மகள் சாதியாவுக்கு அம்மா ஜெய்த்தூன் பீவி எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை நவாஸும் அல்லாஹ்வின் காவலில் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் ஒவ்வொரு வேளையும் தொழுகைப் பாயை மடிக்கிறேன். உன் அத்தா மவுத்தாகி இன்றோடு எழுபத்திரண்டு நாள், கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தா முடிய இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது. இத்தா எனக்குப் பாரமில்லை, அது உன் அத்தாவுக்காக இருப்பது. அதைச் சாக்காக வைத்து மற்றவர்கள் போடுகிற பூட்டில்தான் மூச்சு முட்டுகிறது. ஜன்னலைத் திறந்தால்கூட யாராவது ஒருத்தர் வந்து சாத்திவிட்டுப் போகிறார்கள். கம்ப்யூட்டர் மட்டும் இல்லையென்றால் எனக்குக் கிறுக்குப் பிடித்திருக்கும்.

அந்தக் காகிதத்தை ஸ்கேன் எடுத்து நான்கு தடவை அனுப்பிவிட்டேன், நான்கு தடவையும் நீ, "அம்மா, மறுபடியும் வின்மெயில் டாட் டேட்னுதான் வந்திருக்கு, எதுல போட்டாலும் திறக்க மாட்டேங்குது" என்று எழுதிவிட்டாய். முதலில் ஸ்கேன் பெரிதாகிவிட்டதோ என்று சின்னதாக்கினேன், அப்புறம் பெயரை மாற்றி ஜிப் போட்டுச் சுருக்கினேன். எதைக் கட்டி அனுப்பினாலும் அதே பெயரில் போய் நிற்கிறது! நீ பயப்படுவாய் என்றுதான் அது என்ன காகிதம் என்று நான் சொல்லவில்லை, படித்துவிட்டுப் பேசு என்று மட்டும் எழுதினேன். இப்போது சொல்கிறேன். உன் பெரியத்தா போன வாரம், தம்பியின் தேங்காய் மண்டி விஷயம் என்று வந்தார். நடையில் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆறு பக்கப் பத்திரத்தைத் திரைக்கு அடியில் தள்ளிவிட்டார். "இங்க பாரு ஜெய்த்தூன், மண்டியப் பாக்க ஆள் வேணும்ல, நீயோ வெளிய வர முடியாது, இது எனக்குக் குடுக்குற வெறும் பவர்தான், வெள்ளிக்கெழம ஜும்ஆ தொழுக முடிஞ்சதும் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல இருந்து வீட்டுக்கே வாராக, ஒரு கையெழுத்து, அம்புட்டுத்தான்" என்றார். நான் பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றதற்கு, "அவ அங்கன இருந்து என்னத்தப் பாக்கப் போறா" என்று சிரித்தார். முதல் பக்கத்தில் தேங்காய் மண்டி என்று இருந்தது, அதற்கு மேல் முற்றுப்புள்ளியே இல்லாத எழுத்து, நான் படிக்காமல் புரட்டிவிட்டேன். தப்புதான்.

தேனியில் இருந்து கம்ப்யூட்டர் கடை ஜஸ்டினை வரச் சொன்னேன். பெட்டி இருப்பது உள்ளறையில், அந்தப் பிள்ளை உள்ளே வரக்கூடாது, நான் அவன் முன்னால் போகக்கூடாது. அவன் நடையில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, மேல டூல்ஸ்னு இருக்கா, அமுக்குங்க, என்ன வருது" என்று கேட்கிறான், நான் இங்கிருந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்கிறேன், தெருவுக்கே கேட்டிருக்கும். பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் எட்டிப் பார்த்து, "ஏலே, கண்ணால பாக்காம வைத்தியம் பண்ற மொத டாக்டர் நீதாம்லே" என்று அவனை ஓட்டிவிட்டுப் போனாள். ஒரு மணி நேரம் கத்தியும் ஆகவில்லை, "அக்கா, ஸ்கிரீனப் பாக்காம என்னால முடியாது" என்று போய்விட்டான்.

நான் படிக்கிற இணையக் குழுவில் கேள்வியைப் போட்டுவிட்டு, பதில் வருகிற வரைக்கும் சும்மா இருக்க முடியாமல் ஒரு வேலை செய்தேன். கடிதத்தில் நான் தட்டுகிற எழுத்து உனக்கு ஒழுங்காக வருகிறதல்லவா, அப்படியென்றால் பத்திரம் முழுவதையும் எழுத்துக்கு எழுத்து தட்டிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். இரண்டு நாள் ஆயிற்று. ஐந்தாம் பக்கத்தில், "பொதுப்பாதைக்கு மேற்கு, பஞ்சம்மாள் வீட்டுக்குக் கிழக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு, சங்கரலிங்கம் தென்னந்தோப்புக்கு வடக்கு, இதன் மத்தியில் உள்ள மச்சு வீடும் கிணறும் விற்கவும் ஒத்திக்கு விடவும்" என்று தட்டினேன். பஞ்சம்மாள் பெயரைத் தட்டும்போதே கை நின்றுவிட்டது. விரலை வைத்துத் திசை பார்த்தேன் சாதியா, பாதைக்கு மேற்கே, தோப்புக்கு வடக்கே, நடுவில் இருப்பது நான் உட்கார்ந்திருக்கிற இந்த நாற்காலி! என் அத்தா எனக்கு எழுதி வைத்த வீடு, மண்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அந்த இணைப்பு முதல் தடவையே உனக்குத் திறந்திருந்தால் நான் இதைத் தட்டியிருக்க மாட்டேன், நீயும் மாப்பிள்ளையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லியிருப்பீர்களோ என்னவோ.

குழுவில் பதிலும் வந்துவிட்டது! ரிச் டெக்ஸ்ட் என்று ஒன்று இருக்கிறதாம், அதில் எழுதினால் நம் கம்ப்யூட்டரில் இருக்கிற அவுட்லுக், கடிதத்தின் அலங்காரத்தையும் இணைப்பையும் தன் மூட்டையாகக் கட்டிவிடும், அந்த முடிச்சை இன்னொரு அவுட்லுக்தான் அவிழ்க்கும், மற்றதெல்லாம் மூட்டையை அப்படியே வின்மெயில் என்று காட்டும். ஆப்ஷன்ஸில் மெயில் ஃபார்மட் போய் பிளெயின் டெக்ஸ்ட் ஆக்கினேன், என் யாஹூவுக்குச் சரியாக வந்தது, உனக்கு மட்டும் அப்போதும் வரவில்லை, அதுதான் நான்காவது தடவை. அப்புறம்தான் பிடித்தேன், உன் அத்தா முகவரிப் புத்தகத்தில் உன்னைச் சேர்த்தபோது உன் விலாசத்துக்கு மட்டும் தனியாக ரிச் டெக்ஸ்ட் என்று அமுக்கி வைத்திருக்கிறார். மகளுக்கு எழுத்து அழகாகப் போகட்டும் என்று நினைத்திருப்பார் மனுஷர். என் யாஹூவுக்கும் அதே மாதிரி வைத்துப் பார்த்தேன், வின்மெயில் வந்தது, மாற்றினேன், பத்திரம் வந்தது! நான் போட்ட கூச்சலில் பஞ்சம்மாள் ஓடி வந்துவிட்டாள். உன் விலாசத்தையும் மாற்றிவிட்டேன், இந்தக் கடிதத்தோடு ஆறு பக்கமும் இருக்கிறது.

நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. பத்திரத்தை அப்படியே திருப்பித் தள்ளிவிடுவேன். அரிசி, மருந்து எல்லாம் பெரியத்தா வீட்டில் இருந்துதான் வருகிறது, அதற்கப்புறம் வருமா தெரியாது, இரண்டு மாதம் இந்த நான்கு எல்லைக்குள் எப்படியோ இருந்துகொள்கிறேன். நீ போன் போட்டு அவரிடம் சண்டைக்குப் போகாதே, மாப்பிள்ளையையும் போக விடாதே. வெயிலில் தலையை மூடிக்கொண்டு போ, தண்ணீர் நிறையக் குடி. அல்லாஹ் உங்கள் இருவரையும் எந்தக் குறையும் இல்லாமல் வைப்பான், என் துஆ எப்போதும் உண்டு.

ஒன்றை மறக்காதே. தள்ளின காகிதம் என் கைக்குத் திரும்பாது, இந்தக் கம்ப்யூட்டருக்கு ஏதாவது ஆனால் அவர் எழுதிக் கொண்டுவந்ததற்குச் சாட்சி உன்னிடம் மட்டும்தான் இருக்கும். அதனால் ஆறு பக்கமும் திறக்கிறதா என்று பார்த்து, சேமித்து வைத்து, "திறந்துச்சு" என்று ஒரு வார்த்தை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னால் போடு. அதைப் பார்த்த பிறகுதான் நடைப்பக்கம் போவேன்.

உன் பதிலுக்குக் கம்ப்யூட்டரை அணைக்காமல் வைத்திருக்கும்
உன் அம்மா
ஜெய்த்தூன் பீவி
உத்தமபாளையம்