செத்த வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தை

என் அன்பு மச்சான் காசிமுக்கு,

சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாயே என்று உன்னைத் திட்டத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். நான் திட்டுவதும் நீ வயிறு குலுங்கச் சிரிப்பதும் நமக்கு வழக்கம். அந்தப் பழக்கத்தில் கை எழுதிக்கொண்டு போகிறது. இனி யார் சிரிக்க?

மகனுக்கு ஆவணியில் கலியாணம் என்று பொங்கலுக்கு வந்தபோதே உனக்குச் சொல்லியிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் நாங்கள், கூறைச்சேலை எடுக்க வேண்டும். கொழும்பில் இல்லாத சேலைக்கடையா என்று பக்கத்து வீட்டார் கேட்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? மகன் தொட்டிலில் கிடந்தபோதே, "இவன்ட பொண்டாட்டிக்குக் கூறை நான்தான் எடுப்பன். உன்ட கண்ணுக்கு நிறம் தெரியாது" என்று சொன்னவன் நீ. அப்போது உனக்குக் கடையே கிடையாது. இருவரும் துறைமுக டொக்யார்டில், வெள்ளைக்காரனின் களஞ்சியத்தில் கயிறும் பெயின்ற்றும் அடுக்கிக்கொண்டிருந்தோம். வெள்ளைக்காரன் கப்பலேறியதும் நான் கொழும்புக்கு ஓடினேன். நீ ஊரைவிட்டு அசையமாட்டேன் என்று சேலைக்கடை போட்டாய்.

புறப்படும்போது என் மனைவி சொன்னது என்ன தெரியுமா? "காசிம் அண்ணன் எடுக்கட்டும். நீங்கள் வாய் திறக்க வேண்டாம்." அந்த ஒரு கட்டளையோடு இரவு ரயிலேறினேன். விடிய வந்து இறங்கி, முகம் கழுவி, நேரே உன் கடைக்கு நடந்தேன். பொங்கலன்றே நாள் பேசி வைத்திருந்தும் ஸ்டேஷனுக்கு நீ வராதது மனத்தில் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. கடையில் ஆளில்லாமல் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடை பூட்டியிருந்தது. எதிரே தேத்தண்ணிக் கடைக்காரர் என் பையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஆரும் சொல்லல்லையா? அவரு மௌத்தாகி ரெண்டு மாசம். கடையைத் திறக்கக் குனிஞ்சவரு, எழும்பல்ல."

தந்தி எங்கள் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது. புதிய விலாசத்தை நீ மனப்பாடமாக வைத்திருந்தாய், வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது. எல்லாவற்றையும் தலைக்குள் வைத்துக்கொண்டு திரியாதே என்று உனக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்.

அந்த மனிதர் தந்த தேத்தண்ணியைக் குடித்தேனா என்பது நினைவில்லை. வெளிநாட்டுச் சாமான் குவிந்த புதுக் கடைகளைக் கடந்து ஜமாலியாவில் உன் வீட்டுக்கு நடந்தேன். உன் மகள் நிஹாரா வாசலில் நின்றாள். "மாமா" என்றாள். கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். உள்ளறை வாசலில் கனமான திரை தொங்கியது. ஆமினா இத்தா இருக்கிறாள். நாலு மாதமும் பத்து நாளும் அன்னிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்து, "கொழும்பான் வந்துட்டார், சோத்தை ஒளிங்க" என்று என்னைப் பகிடி பண்ணுகிறவள், அன்று வெறும் குரலாகத்தான் இருந்தாள்.

"சாப்பிட்டீங்களா அண்ணன்?"

"ஓம் தங்கச்சி" என்றேன். பொய்தான்.

பிறகு அவளே சொன்னாள்: "கூறை ஒண்டு எடுத்து வெச்சிருக்காரு. நீங்க பொங்கலுக்கு வந்துட்டுப் போன கிழமையே எடுத்துட்டாரு. அலுமாரிக்குள்ள இருக்கு."

"தாங்கோ. நான் கொண்டு போறன்" என்றேன்.

"இல்ல அண்ணன். மௌத்தான வீட்டிலேருந்து கூறை போகக்கூடாது. உங்கட வழக்கம் எனக்குத் தெரியாதா? நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் இந்தச் சேலையைத்தான் சொல்லுவாங்க."

"ஆர் சொல்லுறது?"

"உங்கட ஆக்கள் சொல்லுவாங்க. நீங்களும் மனசுக்குள்ள சொல்லுவீங்க."

நான் எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும். ஆனால் என் மனைவி செத்த வீட்டுக்குப் போய்வந்தால் படலையிலேயே நின்று தலையில் தண்ணீர் ஊற்றுகிறவள். அது ஆமினாவுக்கும் தெரியும். சரி, நிறத்தையாவது சொல்லுங்கோ என்று கேட்டேன். "கேட்டா உங்கட மனசு ஆறாது, விடுங்க" என்று மறுத்துவிட்டாள். உன் கையால் எடுத்த கூறை சில அடி தூரத்தில் இருந்தது. அதை நான் கண்ணாலும் காணவில்லை.

எழுந்தேன். எங்கள் வழக்கப்படி ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்து செருப்பை மாட்டினேன். உள்ளே நிஹாரா கேட்பது காதில் விழுந்தது.

"மாமா என்ன உம்மா, ஒண்டும் சொல்லாமப் போறாரு? கோவமா?"

"செத்த வீட்டில அவங்க சொல்லிட்டுப் போகமாட்டாங்க மகள். உங்கட வாப்பாதான் சொல்லுவாரு."

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? என் அம்மா செத்த அன்று, சனம் நிறைந்த முற்றத்தில் நின்று, "சரி மச்சான், போயிட்டு வாறன்" என்று உரத்துச் சொன்னாய். எல்லோரும் திடுக்கிட்டார்கள். என் பெரியப்பா உன்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, செத்த வீட்டில உப்பிடிச் சொல்லக்கூடாது. திரும்பி வாறதெண்டால் இன்னொரு சாவுக்கெல்லோ வரவேணும்?" நீ விழித்தாய். "நான் நாளைக்கே வருவனே பெரியப்பா. சொல்லாமப் போனா இவன் தனிய இருக்கிறன் எண்டு நினைப்பானே" என்றாய். சொன்னபடியே வந்தாய். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை ஒவ்வொரு நாளும் வந்து, ஒவ்வொரு நாளும் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனாய். கடைசியில் பெரியப்பாவே, "எங்கை, உவன் இன்னும் வரேல்லையோ?" என்று படலையைப் பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கினார்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் உள்ளே போனேன். திரைக்கு முன்னால் நின்று, "தங்கச்சி, போயிட்டு வாறன்" என்றேன். செத்த வீடொன்றில் என் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதுவரை திடமாகக் கதைத்துக்கொண்டிருந்த ஆமினா அப்போதுதான் அழுதாள். நிஹாராதான், "போயிட்டு வாங்க மாமா" என்றாள்.

அதன் பிறகு பாலையூற்றுக்குப் போனேன். களஞ்சியத்தில் நம்மோடு மூன்றாவதாக நின்ற சவரிமுத்துவாவது இருக்கிறானே என்றுதான் போனேன். கட்டிலில் கிடந்தான். கண் மங்கி, நினைவும் தடுமாறி இருக்கிறது. என்னை நீ என்று நினைத்துவிட்டான்.

"வா காசிம், இரு. உவன் சிவம் கொழும்பால வந்தவனோ?"

திருத்த மனம் வரவில்லை. "வருவான்" என்றேன்.

"எங்கையடா வரப்போறான்? போனவங்கள் ஆர் வந்தவங்கள்? நீ ஒருத்தன்தானே எங்களோட நிண்டனி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் பிடித்தது உன் கையை. நான் அந்த அறையில் இருக்கவே இல்லை.

மாலையில் மெயின் வீதியில் வேறொரு கடைக்குப் போனேன். பையன்கள் கூறைகளை விரித்துப் போட்டார்கள். சிவப்பு, அரக்கு, மாம்பழ மஞ்சள். எதைத் தொட்டாலும் உன் அலுமாரிக்குள் இருப்பது இந்த நிறமோ என்றே யோசித்தேன். கடைசியில் ஒன்றைக் காட்டிக் கட்டச் சொன்னேன். வீட்டில் என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இது காசிம் அண்ணன் எடுத்ததில்லையே" என்றாள். பிறகுதான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

மச்சான், உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அந்த ஊர் முடிந்துவிட்டது. துறைமுகம் இருக்கிறது, கோணேசர் மலை இருக்கிறது, தெருவில் மான்கூட நிற்கிறது. ஸ்டேஷனில் நிற்க நீ இல்லை. ரயில் வேகமெடுக்கும்வரை யன்னல் கம்பியைப் பிடித்தபடி கூட நடந்து வருவாயே, அன்று அந்தக் கம்பியை நானே பிடித்துக்கொண்டு இருந்தேன். இனி யாருக்காக வருவது? எதை வாங்க வருவது?

ஆனால் வருகிறேன் என்று ஆமினாவிடம் சொல்லிவிட்டேன். நீ சொல்லிவிட்டு ஒரு நாளாவது வராமல் இருந்ததில்லை. இத்தா முடிந்து அந்தத் திரை கழன்றதும் வருவேன். கலியாணம் முடிந்த பிள்ளைகளையும் கூட்டி வருவேன். மருமகள் அந்த அலுமாரியைத் திறந்து, நீ எடுத்த நிறம் எது என்று எனக்குக் காட்டட்டும்.

ரயிலேறுமுன், உன்னை அடக்கிய கப்ரடியில் நின்றபோது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திருப்பிச் சொல்ல நீ இல்லையே என்று பேசாமல் வந்துவிட்டேன். இங்கே எழுதுகிறேன். நான் தனியத்தான் இருக்கிறேன், மச்சான். போயிட்டு வாறன்.

உன் பிள்ளைகளின் மாமா,
சிவம்