மகன் எழுதியதில் ஒரு திருத்தம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் இங்கே நலம். முழங்கால் வலி மட்டும் வாடகைக்கு வந்தவன் மாதிரி காலி செய்ய மாட்டேன் என்கிறது. மருமகளுக்கு இருமல் நின்றதா? தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போக வேண்டாம் என்று சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே, நீயே சொல்வது போலச் சொல்.

நீ அனுப்பிய கட்டுரை வந்து சேர்ந்தது. நம் வரிசை வீடுகளில் நீ வளர்ந்த கதையைப் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறாய். அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்த்து, தப்பு ஏதாவது இருந்தால் சொல்லச் சொல்லியிருக்கிறாய். போயும் போயும் என்னிடம் கேட்டாய். தையல் கம்பெனியில் தலை நரைக்கிறவரை செக்கிங் மேசையில் நின்றவள் நான். நூறு சட்டை நன்றாக இருந்தாலும் கண் கோணல் தையலில்தான் போய் நிற்கும். அதனால் கோபித்துக்கொள்ளாமல் படி. இதை நான் அவசரமாக எழுதக் காரணம் இருக்கிறது. உன் கட்டுரையால் பக்கத்து வீட்டுப் பொத்தான் அத்தை என் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வீடுகளுக்கு நடுவில் இருந்த சுவர் கூரைவரை எட்டாது என்பதையும், ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் வெந்நீர் வைப்பார்கள் என்பதையும் அழகாக எழுதியிருக்கிறாய். பொதுக் குழாயடிச் சண்டையைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு கதவைத் தட்டினால் மூன்று கதவு திறக்கும், அவ்வளவு பாசம் என்கிறாய். பாசமாவது ஒன்றாவது! யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் திறப்பார்கள். ஆனாலும் அதை மாற்ற வேண்டாம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

தப்பு எங்கே என்றால், ஆள் மாறிப்போயிருக்கிறது.

உனக்குக் காய்ச்சல் வந்ததைப் பற்றி எழுதியிருக்கிறாயே, "அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு, அவள் நீலக் கோட்டின் பைக்குள் கையை விட்டுப் பொத்தான்களை அளைந்துகொண்டே இருந்தேன், காய்ச்சல் போனதே தெரியவில்லை" என்று. அடேய், செக்கிங்காரியின் கோட்டுப் பையில் பொத்தான் எப்படியடா வரும்? என் பையில் இருந்தது நூல் வெட்டும் கத்தரியும் சாக்பீஸும். நீ கையை விட்டிருந்தால் விரல் கிழிந்திருக்கும். உடைந்த பொத்தானும் ஓட்டை விழாத பொத்தானுமாகப் பை நிறையக் கொண்டுவந்தவள், பொத்தான் மெஷினில் வேலை பார்த்தவள். அந்த மடி அவளுடையது.

உனக்கு இது குழம்பியதில் ஆச்சரியமில்லை. இரண்டு பேரும் அதே கம்பெனி, அதே நீலக் கோட்டு, அதே மெஷின் எண்ணெய் வாசனை. உன் அப்பா லாரியோடு போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. அவள் புருஷனுக்கும் ஊர் ஊராகப் போய்ப் பெயிண்ட் அடிக்கிற வேலை. நீ கைக்குழந்தை, அவள் மகள் தவழ்ந்து கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் சூப்பர்வைசர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஒரே ஷிப்ட் வராமல் பார்த்துக்கொண்டோம். நான் காலை என்றால் அவள் மதியம், அடுத்த வாரம் மாறும். மதிய ஷிப்டுக்குப் போகிறவள் இரண்டு பிள்ளைகளையும் கம்பெனி கேட்டுக்குக் கொண்டுவந்து, வெளியே வருகிறவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போவாள். "இது கம்பெனியா, பாலர் பள்ளியா?" என்று வாட்ச்மேன் தினமும் தலையில் அடித்துக்கொள்வார்.

சேர்ந்து உட்கார்ந்து பேச எங்களுக்கு வருஷக்கணக்காக நேரம் கிடைத்ததில்லை. "உன்னுது சாப்ட்டாச்சு, என்னுது அழுவுது, அடுப்புக்கு எண்ணெய் தீந்துபோச்சு" என்று அந்தக் கேட்டில் நின்று சொல்வதுதான் பேச்சு. ஒரே வரிசையில் சுவரை ஒட்டி இருந்தும், நான் அவள் முகத்தைப் பார்த்ததைவிட அவள் முதுகைப் பார்த்ததுதான் அதிகம்.

காய்ச்சல் அன்றைக்கும் நான் வேலையில்தான் இருந்தேன். மால் ஏற்றுகிற நாள், லீவு கேட்டால் நாளையிலிருந்து வராதே என்பார்கள். நான் வந்து பார்த்தபோது நீ அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். அவள் வீட்டில் பாத்திரம் கழுவாமல் கிடந்தது, துணி வாளியில் ஊறிக்கொண்டே கிடந்தது. அவள் வீடு எப்போதும் அப்படித்தான், போட்டது போட்டபடி இருக்கும். பிள்ளை வந்து நின்றால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவாள். அதற்காக நானே அவளைத் திட்டியிருக்கிறேன். என் வீடு கண்ணாடி மாதிரி இருக்கும். நீ வந்து காலைச் சுற்றினால் முதுகில் ஒன்று விழும். இது வரிசைக்கே தெரியும். அவள் மகளைக் கேட்டுப் பார். இன்றைக்கும் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறாள்.

அடுத்தது பஸ் டிப்போ. தெருக்கோடி டிப்போவுக்குள் புகுந்து, கழுவ நிறுத்தியிருந்த பஸ்ஸின் கடைசி சீட்டில் நீ தூங்கிப்போனாய். வரிசையே உன்னைத் தேடியது. நீயோ, அம்மா கண்டுபிடித்து இடுப்பில் தூக்கி வந்தாள், வீட்டு வாசலில் பொத்தான் அத்தை கத்திக்கொண்டே அடித்த அடி இன்னும் முதுகில் சுடுகிறது என்று எழுதியிருக்கிறாய்.

அன்றைக்குக் கம்பெனி லீவு. தூக்கி வந்தவள் அவள். அவ்வளவு வளர்ந்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வழியில் பன் வாங்கிக் கொடுத்து, மூச்சிரைக்க வந்தாள். வாசலில் கரண்டியோடு நின்றவள் நான். அவள் கத்தினாள், அது உண்மைதான். என்னைப் பார்த்துக் கத்தினாள். "அடிக்காதேடி, புள்ள பயந்துபோயிருக்கான்" என்று குறுக்கே வந்து விழுந்தாள். ஒரு அடி அவள் மணிக்கட்டிலும் பட்டது. உனக்கு அடியும் நினைவிருக்கிறது, சத்தமும் நினைவிருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒருத்தி தலையில் கட்டிவிட்டாய்.

அவளுக்கு ஏன் அவ்வளவு சத்தம் என்று நீ யோசித்திருக்கிறாயா? பொத்தான் மெஷின் காதுக்குப் பக்கத்தில் தடதடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்த செக்‌ஷனில் இருந்த எல்லோருக்கும் காது மந்தம். தன் குரல் தனக்கே கேட்காததால், கொஞ்சுவதைக்கூட மைக்செட் வைத்தது போலக் கொஞ்சுவாள். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் எங்கள் ஷிப்ட் ஏற்பாடு முடிந்துபோயிற்று. பிறகு உனக்கு அந்த மடி யாருடையது என்பது மறந்துவிட்டது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்த சத்தம் மட்டும் மிச்சம். நீ என்னிடம் இதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பேசியிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

இங்கே நேற்று நிறுத்தினேன். கை வலி என்று உனக்கு எழுத நினைத்தேன், ஆனால் காரணம் அது இல்லை. மீதியை எழுத மனசு வரவில்லை.

உன் கட்டுரையை முதல் தடவை நான் தனியாகப் படித்தேன். மடி என்று வந்த இடத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொய் சொல்வானேன், பொத்தான் என்று படித்தும் அதை நான் கண்டுகொள்ளவில்லை. என் பிள்ளைக்கு என் மடி நினைவிருக்கிறது என்று பூரித்துப் போய் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அவள் வழக்கம்போல டீ குடிக்க வந்தாள். உறையைப் பார்த்ததும், "புள்ள என்ன எழுதிருக்கான்? என்னப் பத்தி இருக்கா?" என்றாள். அவளுக்குக் கண்ணும் சரியில்லை. படித்துக்காட்டு என்று கதவோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்குப் படித்துக்காட்டுவது என்றால் தெருவுக்கே படித்துக்காட்டுவது. தொண்டை கிழியக் கத்தினேன். காய்ச்சல் வந்த இடத்தைப் படித்தபோது அவள் கை தானாக இடுப்புக்குப் பக்கத்தில், கோட்டுப் பை இருக்கிற இடத்துக்குப் போனது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த நிமிஷம்தான் சுரீர் என்றது. ஆனாலும் விடாமல் மேலே படித்தேன், நிறுத்தினால் மாட்டிக்கொள்வேனே.

டிப்போவுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினேன். விடுவாளா? "ஏன் சத்தம் கொறஞ்சுடுச்சு? திரும்பப் படி" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படிப் போச்சு?" என்றாள். வேறு வழியில்லாமல், "பொத்தான் அத்தையைக் கண்டாலே எனக்குக் குலைநடுங்கும்" என்று நீ எழுதியிருந்ததை நான் தெரு கேட்கக் கத்தினேன். எதிரே துணி தேய்க்கிறவர் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்.

அவள் சிரித்தாள். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்றாள். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தேன் என்று எழுந்து போனாள். அவள் பால் வாங்குவதே இல்லை.

மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் போனால் தலைவலி என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஜன்னலில் நின்று, "அடியே, திருத்தி எழுதச் சொல்றேன்டி!" என்று கத்தினேன். உள்ளேயிருந்து சொன்னாள்: "வேணாம். உன் எடத்தப் புடுங்கித்தான் எனக்கு எடம் கெடைக்கணும்னா, அது எனக்கு வேணாம்டி." அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். இதை மெதுவாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. உன் மேல் ஆத்திரம், அவள் மேல் ஆத்திரம். தன்னைப் பெரிய மனுஷியாகக் காட்டிக்கொள்கிறாளே என்று வயிறு எரிந்தது. அவள் வேண்டாம் என்று சொன்னபிறகு நான் வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? உன் கட்டுரை வரும், நாலு பேர் படிப்பார்கள், எப்பேர்ப்பட்ட அம்மா என்பார்கள். எனக்கு அதில் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அவள் கை இடுப்புப் பக்கம் போனதை நான் பார்த்துவிட்டேன். பார்த்த பிறகு, சரியான சட்டை என்று பாஸ் போட எனக்கு வராது.

அதனால் மாற்றி எழுது. மடி அவளுடையது, இடுப்பு அவளுடையது, அடி என்னுடையது என்று எழுது. நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்பதாக நினைத்துக்கொள்ளாதே. அந்த அடியில் பாதி நீ கேட்டு வாங்கியது. அம்மாவை விட்டுக்கொடுப்பது போல இருக்கிறதே என்று பூசி மெழுகாதே. பத்திரிகைக்காரர்களுக்கு நேரமில்லை என்றால் கட்டுரையே வர வேண்டாம், திருப்பி வாங்கிவிடு.

அடுத்த மாதம் வருகிறேன் என்று எழுதியிருந்தாய். வந்தால் நேரே என் வாசலுக்கு வராதே. பெட்டியோடு அவள் வீட்டுக்குள் போ. தட்டினால் அவளுக்குக் கேட்காது, கதவைத் தள்ளிக்கொண்டு போ. எதிரே உட்கார்ந்து அவள் கண்ணுக்கு உன் வாய் தெரிகிற மாதிரி பேசு. அவள் கத்துவாள், முகத்தைச் சுளிக்காதே. அவள் சமையலில் உப்பு எப்போதும் கூடத்தான் இருக்கும், மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிடு. எவ்வளவு நேரமானாலும் இரு, எனக்கு ஒன்றும் அவசரமில்லை. நான் எட்டிப் பார்க்க மாட்டேன், எனக்கு உள்ளே வேலை இருக்கும்.

மருமகளும் நீயும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். எல்லாம் பேசி முடித்த பிறகு, படுக்க மட்டும் நம் வீட்டுக்கு வந்துவிடு.

இப்படிக்கு,
அம்மா