பக்கத்து நாற்காலியில் ஒரு துண்டு

ஞாயிறு, இரவு. திருச்செங்கோடு.

சாயங்காலம் சேலத்தில் ஒரு பழைய பாடகரின் கச்சேரிக்குப் போயிருந்தேன். நானும் மல்லிகாவும் கல்யாணமான புதிதில் கேட்ட கீபோர்டு பாட்டுகளைப் பாடியவர். இப்போது அவருக்கும் வயதாகிவிட்டது. என்ன நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். மெதுவான பாட்டில் தொடங்குவார். குரல் ஏற வேண்டிய இடத்தில் மைக்கை எங்கள் பக்கம் நீட்டிவிடுவார். மிச்சத்தைக் கீபோர்டு பார்த்துக்கொள்ளும். எல்லாம் அப்படியே நடந்தது.

உட்கார்ந்ததும், பஸ்ஸில் இடம் பிடிப்பது போலப் பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் மல்லிகா இறந்துபோனது உறைத்தது. எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

இடம் கிடைக்காமல் நின்ற ஒரு பெரியவர் வந்தார். "ஏனுங்க, இங்க ஆள் வருதுங்களா?"

"ஆமாங்க. ஊட்டுக்காரி வாரா."

கொஞ்ச நேரம் கழித்து எலக்ட்ரிக் டிரம் அதிரும் பாட்டு ஆரம்பித்தது. மல்லிகாவுக்கு அது பிடிக்காது, எப்போதும் எழுந்து வெளியே போய்விடுவாள். பெரியவர் மறுபடி வந்தார். "இன்னுங் காணமுங்களே?"

"அவளுக்கு இந்தச் சத்தம் ஆவாதுங்க. வெளிய நிக்கறா. பாட்டு முடிஞ்சா வந்துருவா."

தலையாட்டிவிட்டுச் சுவரோரம் போய்ச் சாய்ந்து நின்றார். பாவம், அவருக்குக் கால்வலி போலிருக்கிறது. நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.