அந்தக் கழுத்தை வரைந்தவள் நான் அல்ல

அனுப்புநர்:
ராடினா கோலேவா,
நான்காம் ஆண்டு, வரைகலை வடிவமைப்புத் துறை,
டான்யூப் கலை வடிவமைப்புக் கல்விக்கழகம்,
மாணவர் விடுதி, அறை எண் 314,
ரூசே, பல்கேரியா.

பெறுநர்:
ஆய்வாளர் அவர்கள்,
உயர்கல்வி முறையீட்டுப் பிரிவு,
சோஃபியா.

பொருள்: 2021 ஜூலை நுழைவுத் தேர்வில் 86, 98 ஆகிய எண்கள் மாறிப் பதிவானது – தேர்ச்சி பெற்ற செல்வி சியானா துங்கேவா இடத்தை இழந்தது – அவருக்கு இடம் வழங்கவும், கண்காட்சியில் உள்ள பெயரட்டையை மே 24க்குள் மாற்றவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: கல்விக்கழகச் செயலாளரின் கடிதம், நாள் 7.5.2025.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். தங்கள் மேசைக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை ஏதோ ஒன்று கிடைக்கவில்லை என்று வருபவையாக இருக்கும். எனக்குக் கிடைத்துவிட்டது. கிடைக்கக் கூடாதது கிடைத்துவிட்டது என்பதே என் புகார். இவளுக்கு மூளை குழம்பிவிட்டது என்று தாங்கள் நினைக்கலாம். எங்கள் செயலாளரும் அப்படித்தான் நினைக்கிறார். ஆயினும் கடைசி வரி வரை படிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. எங்கள் கல்விக்கழகத்தில் சேர ஒரு பிளாஸ்டர் தலைச்சிலையை ஆறு மணி நேரம் பார்த்து வரைய வேண்டும். தாளில் பெயர் எழுதக் கூடாது. யார் வரைந்தது என்று நடுவர்களுக்குத் தெரியாமலிருக்க, தாளின் பின்பக்க மூலையில் ஒரு எண்ணை மட்டும் எழுதித் தருவார்கள். மதிப்பெண் போட்ட பிறகு அந்த எண்ணை வைத்துப் பெயரைத் தேடி ஒட்டுவார்கள். என் எண் 86. அன்று என் படத்தில் காது ஒரு விரல் அளவு கீழே இறங்கிவிட்டது. அழித்து அழித்துத் தாளே பஞ்சாகிப் போனது. வெளியே வந்து என் தந்தையிடம் தொலைபேசியில், "ஊத்திக்கிச்சுப்பா. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று சொன்னேன்.

2. ஒரு வாரத்தில் வந்த பட்டியலில் எனக்கு ஆறுக்கு 5.80 என்று இருந்தது. என் தந்தை ராஸ்கிராத் நகரில் பேருந்து ஓட்டுபவர். அவர் தெருவையே அழைத்து ஆடு சுட்டு விருந்து வைத்தார். "காது எறங்கினா என்னடி, கண்ணு உள்ளவங்களுக்குத் தெரியும்" என்றார். நானும் நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது.

3. முதலாண்டில் எங்களுக்கு ஓவியம் கற்பித்தவர் இணைப் பேராசிரியர் லுபென் கரசேவ். நுழைவுத் தேர்வின் நடுவர்களில் அவரும் ஒருவர். 5.80 வாங்கிய படத்தை அவர் மறக்கவில்லை. முதல் மாதமே என் பலகைக்குப் பின்னால் வந்து நின்று, "ஏம்மா, தேர்வுல ஒரு கழுத்து வரைஞ்சியே, அது எங்க? வர்ற வழியில பஸ்லயே விட்டுட்டியா?" என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அதன் பிறகு ஒவ்வொரு பருவத்திலும் அதே கேள்வி வந்தது. அவர் கெட்டவர் அல்ல, உண்மையிலேயே தேடினார். இருந்த திறமையை எப்படியோ தொலைத்துவிட்டேன் என்று நான் முடிவு கட்டினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தச் சிலையின் முன் உட்கார்ந்து கழுத்தை மட்டும் வரைந்தேன். கழுத்து வரவில்லை. இரண்டாம் ஆண்டில் மனிதரை வரைவதையே விட்டுவிட்டு, எழுத்துரு வடிவமைப்பில் போய் ஒளிந்துகொண்டேன்.

4. கடந்த ஏப்ரல் 28 அன்று எங்கள் கூடத்தில் ஒரு கண்காட்சி தொடங்கியது. மாணவர்களின் நுழைவுத் தேர்வுப் படங்களைக் கிடங்கிலிருந்து எடுத்து மாட்டியிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் என் பெயரட்டையின் மேல் இருந்த படத்தை நான் வாழ்நாளில் பார்த்ததே இல்லை. காது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கழுத்து அவ்வளவு அழகாகத் திரும்பியிருந்தது. பேராசிரியர் பக்கத்தில் வந்து, "பாரு, இந்தக் கையைத்தான் நாலு வருஷமாத் தேடறேன்" என்றார். வெட்கத்தைவிட முதலில் வந்தது நிம்மதி என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நான் எதையும் தொலைக்கவில்லை.

5. மறுநாள் கிடங்குப் பொறுப்பாளர் திருமதி பென்கா அவர்களிடம் சென்றேன். தோற்றவர்களின் படங்களை ஓராண்டில் கிழித்துவிட வேண்டும் என்பது விதி. தடித்த தாளை வீணாக்க மனமில்லாமல் அவர் அவற்றை அலமாரித் தட்டுகளில் விரித்து வைத்திருந்தார். என் படம் வண்ணப் புட்டிகளுக்கு அடியில் கிடைத்தது. இறங்கிய காதை யாரும் எனக்கு அடையாளம் காட்ட வேண்டியதில்லை. பின்பக்கம் 'சியானா துங்கேவா, 2.80, தேர்ச்சி இல்லை' என்ற சீட்டு ஒட்டியிருந்தது. மூலையில் இருந்த எண்ணை ஒரு பக்கமாகப் பிடித்தால் 98, தாளைத் தலைகீழாக்கினால் 86.

அன்று நடந்ததைத் திருமதி பென்கா நினைவுகூர்ந்தார். சீட்டு ஒட்டும்போது 98 இரண்டு இருந்தனவாம், 86 இல்லையாம். ஒட்டிக்கொண்டிருந்த இருவரில் ஒருவர், "ரெண்டுல ஏதோ ஒண்ணு 86. எதையாவது போட்டுட்டுக் கெளம்புப்பா, பஸ் போயிடும்" என்றாராம். அவர்கள் பெயர் எனக்குத் தேவையில்லை. ஆனால் 6, 9 ஆகியவற்றைத் தனியாக எழுதும்போது அடியில் கோடு போட வேண்டும் என்பது இதே கல்விக்கழகத்தில் எங்களுக்கு முதலாண்டில் நடத்தும் முதல் பாடம் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

6. செல்வி சியானாவைக் கண்டுபிடிக்க அலைய வேண்டியிருக்கவில்லை. இதே ஊரில் ஈமச்சடங்கு அலுவலகம் ஒன்றில் மரண அறிவிப்புகள் தயாரிக்கிறார். வாசல் கதவிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டும் அந்தத் தாள்களுக்காக, மங்கிய புகைப்படங்களில் உள்ள முகங்களைச் சரிசெய்கிறார். மூன்று ஆண்டுகளாக ரூசேயில் இறந்தவர்கள் எல்லாரும் கொஞ்சம் பார்க்கும்படி இருப்பது இவரால்தான். நான் விவரம் சொல்லி, கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். "நெத்தியில நெழல் ஜாஸ்தி. அவசரப்பட்டிருக்கேன்" என்றார். பிறகு, "கழுத்து பரவால்ல" என்றார்.

தோற்ற அன்று அவருடைய தாயார், "உனக்கு இதெல்லாம் வராதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்றாராம். "சரிதான் போலன்னு பென்சில் பெட்டியத் தூக்கிப் பரண்ல போட்டேன். அதுக்கப்புறம் தொடல" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீ என்ன பண்ணுவ, நம்பர் பாத்தவங்க பண்ணின வேல" என்று சொல்லிக் காபி போட்டுத் தந்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கிளம்பும்போது, மே 24 எழுத்துத் திருநாள் விடுமுறையில் தாயாரைக் கண்காட்சிக்கு அழைத்துவருவதாகச் சொன்னார். "எங்கம்மா கண்ணால பாக்கணும். கீழ என் பேரு இருக்கும்ல?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். எந்த அதிகாரத்தில் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

7. செயலாளரிடம் இரு தாள்களின் நகல்களோடு சென்றேன். "ஜூன்ல பட்டம் வாங்கப் போற பொண்ணு. பேசாம வாங்கிட்டுப் போயேன். உனக்கு எங்க வலிக்குது?" என்றார். அன்று மாலை என் பெயரட்டையில் என் பெயரைப் பென்சிலால் அடித்து, சரியான பெயரை எழுதினேன். அதற்குப் பதிலாக வந்ததே பார்வையில் கண்ட கடிதம். அதில் மூன்று செய்திகள் உள்ளன: பாதிக்கப்பட்டவர் மட்டுமே முடிவு வந்த மூன்று நாட்களுக்குள் முறையிடலாம்; நான் பாதிக்கப்பட்டவள் அல்ல; பெயரட்டையை மீண்டும் தொட்டால் பட்டத் தேர்வில் அமர முடியாது. அட்டையைப் புதிதாக அச்சிட்டு, என் பெயரையே மறுபடி வைத்துவிட்டார்கள்.

8. மூன்று நாட்களுக்குள் செல்வி சியானா எதை வைத்து முறையிட்டிருப்பார்? தன் படத்துக்கு 2.80 என்றார்கள், நம்பினார். என் படத்துக்கு 5.80 என்றார்கள், நானும் நம்பினேன். அவர் தன்னிடம் இருந்ததை இல்லை என்று நினைத்தார்; நான் என்னிடம் இல்லாததைத் தேடி நான்கு ஆண்டுகள் அழுதேன். நான் பாதிக்கப்பட்டவள் அல்ல என்று எழுதியவர் என் ஞாயிற்றுக்கிழமைகளை வந்து பார்க்கட்டும். கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருள்க.

9. ஆகவே நான் வேண்டுவது: செல்வி சியானா துங்கேவா வரும் அக்டோபரில் மறுதேர்வு இல்லாமல் சேர்க்கப்பட வேண்டும். அவர் தேர்வெழுதித் தேறிவிட்டார். என் இடத்தைப் பற்றி, எனக்குப் பட்டம் வேண்டும் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். எழுத்துருப் பாடங்களில் நான் பெற்றவை என் சொந்தக் கையால் பெற்றவை. அதுவும் செல்லாது என்று தாங்கள் முடிவு செய்தால், என் தந்தையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இவற்றையெல்லாம் விசாரிக்க மாதங்கள் ஆகும் என்பதை அறிவேன். காத்திருக்கிறேன். பெயரட்டைக்கு மட்டும் காத்திருக்க நாள் இல்லை. ஓர் அம்மா மே 24 அன்று மூன்றாவது வரிசைக்கு வந்து நிற்கப் போகிறார். மகளுக்கு வராது என்று சொன்னவர் அவர். அந்தப் படத்தின் கீழே என் பெயரை அவர் படிக்கக் கூடாது. அதற்குத் தங்களின் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,

(ஒப்பம்) ராடினா கோலேவா
தேர்வு எண் 86
(மூல மனுவில் எண்ணின் அடியில் கோடு போட்டிருக்கிறேன், கோடு கீழே இருக்குமாறு பிடித்துப் படிக்கவும்.)

இடம்: ரூசே
நாள்: 12.5.2025

இணைப்பு: இரு படங்களின் முன்பக்க, பின்பக்க நகல்கள், திருமதி பென்காவின் கையெழுத்திட்ட வாக்குமூலம், செயலாளரின் கடிதம்.