நசுங்கிய சிலந்தி ஆர்க்கிட்

ஆல்பனி, செப்டம்பர்

அன்பு மெர்லுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். கன்னத்தில் சின்னத் தையல், பயப்படாதே.

ஞாயிறன்று, துறைமுகத்தில் என்னோடு வேலை செய்யும் டூகலுடன் கடலோரம் நடந்தேன். பாறைமேட்டில் ஒற்றை ஆர்க்கிட் பூத்திருந்தது. அங்கே நின்ற ஒருவன், "இது என்ன பூ, தெரியுமா தலைவா?" என்றான். குனிந்து பார்த்தேன். நீண்டு தொங்கும் இதழ்கள், நடு இதழின் சிவந்த ஓரத்தில் சீப்புப் பல் போல வரிசை.

"சிலந்தி ஆர்க்கிட். இந்தப் பக்கம் ரொம்ப அபூர்வம்."

"அப்ப நல்ல விலைக்குப் போகும்," என்று பையிலிருந்து மண் தோண்டும் கரணையை எடுத்துத் தோண்டினான். கையைப் பிடித்தேன். கரணையாலேயே முகத்தில் அடித்தான். அவனைக் கீழே தள்ளி, மேலே உட்கார்ந்து குத்தினேன். "விட்டுருப்பா" என்று அழுத பிறகும் குத்தினேன்.

"போதும்டா, செத்துடுவான்," என்று டூகல்தான் என்னை இழுத்துப் போட்டான்.

அடிபட்டவனுக்குத் தாடை உடைந்துவிட்டது. என்மேல் வழக்கு. பூவும் எங்களுக்கடியில் நசுங்கிவிட்டது.

தடித்த காலுறைகள் அனுப்பு. கூடவே நாலு வரி எழுது. தபால் வண்டி வரும் நேரம், முடிக்கிறேன். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்து நின்றவன் அந்தப் பூத்திருடன் ஒருவன்தான், மெர்ல்.

உன்
லாக்லன்