சிங்கப்பூர் போய்த் திரும்ப எத்தனை மில்லிசெக்கன்

ஒக்டோபர் 13, திங்கள்

விடாத மழை. பிள்ளை கயலுக்கு மூக்கடைப்பு. நெற்றியை ஆறு தரம் தொட்டாயிற்று. சூடில்லை.

இன்றும் அதே கதை. என் ஒன்லைன் நாணய வியாபாரத்தில் யூரோ விற்க அழுத்தினேன். ஆர்டர் போய்ச் சேர்வதற்குள் விலை நகர்ந்துவிட்டது. இவர், சோற்றுக் கோப்பையிலிருந்து தலை நிமிராமல்: "இன்டர்நெட் லைன் பிழைன்னு எத்தன நாளைக்குச் சொல்லுவ? தீபாவளியோட எக்கவுண்ட மூடிடு."

கொமர்ஸ் படித்தவள் நான். பிழை லைனிலா என்னிலா, அளந்து காட்டுகிறேன்.

ஒக். 14, செவ்வாய்

டெக்னீஷியன் வந்தார். தன் ஃபோனில் கொழும்புக்கு டெஸ்ட். "ஸ்பீட் நல்லா இருக்குதானே மிஸ்?"

"என் ஆர்டர் போறது சிங்கப்பூருக்கு. போய்த் திரும்ப எவ்வளவு நேரம்னு பாருங்க. பிங்."

"கேம் விளையாடுறதா மிஸ்?"

மாமிக்கு ஒரே சிரிப்பு. டெக்னீஷியன் போனதும் நானே எடுத்தேன். எங்கள் அறை, கயல் தூக்கம், மில்லிசெக்கனில்:
மு.ப. 10.15 – 188
10.30 – 412
பி.ப. 2.00 – 95
2.05 – பதிலே இல்லை
70க்குள் இருந்தால் போதும் எனக்கு.

ஒக். 15, புதன்

கயல் தவழ்ந்து ஹோலுக்கு ஓட, லெப்டொப்போடு பின்னால் நான். ரவுட்டர் அங்கேதான், ஷோகேஸ் மேல், மாமி பின்னிய லேஸ் உறையோடு. சும்மா வயரைச் சொருகிப் பார்த்தேன்.
61. 62. 61. 61.

லைனில் ஒன்றுமில்லை. வைஃபையை மறிப்பது ஹோலுக்கும் அறைக்கும் நடுவிலுள்ள கருங்கல் சுவர்! அறைவரை வயர் இழுக்கலாம். கயல் வாயில் வைப்பாள், மாமி தடுக்கி விழுவார். அப்படியானால் மேசைதான் ஹோலுக்கு வர வேண்டும்.

மாமி: "தீபாவளிக்கு நாலு பேர் வர்ற வீடு. மருமக நடு ஹோல்ல என்ன செய்றான்னு கேட்டா?"

"வேல செய்றான்னு சொல்லுங்க மாமி."

கயல் பிறந்ததிலிருந்து ஆள் வந்தால் கதவைச் சாத்தி "பிள்ள தூங்குது" என்பதே பதில். ஏன்? என்ன களவா எடுக்கிறேன்?

ஒக். 16, வியாழன்

மேசையை நானே இழுத்தேன். தரையில் கீறல். இருக்கட்டும்.

மூன்று ஆர்டர். மூன்றும் அழுத்திய விலையிலேயே. ஒன்றில் நட்டம், அது முழுக்க என் கணிப்புப் பிழை. இவரிடம் அதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப மூடலயா?"

"மூட மாட்டேன்."

கயலுக்குச் சளி தேவலை.

ஒக். 17, வெள்ளி

வெயில். இவருக்கு லீவு. நாவலப்பிட்டியிலிருந்து மாமியின் தங்கை, முறுக்கு டின்னோடு. ஆர்டர் திறந்திருந்த நேரம் பார்த்து.

"என்னம்மா, ஹோல்லயே ஒபிஸ் போட்டுட்டியா?"

"ஆமா சின்ன மாமி. இருங்க, இத முடிச்சிட்டு வர்றேன்."

எழும்பவில்லை. மாமி என்னைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். தேத்தண்ணிக்கு யாரும் அசையவில்லை. கடைசியில் இவர்தான் எழுந்து போனார்.

குசினியிலிருந்து சத்தம்: "சீனி எங்க இருக்கு?"

தேடட்டும்.